கருணைத் தொகை

சி பிளாக் தூணில் கம்பி வெளியே தெரிந்த வருஷம்
வாரியத்திலிருந்து காகிதம் வந்தது.
இடிக்கப் போகிறோம், கட்டித் தருவோம்,
அதுவரை வெளியே வாடகைக்கு இருக்க
ஒரே தவணையில் கருணைத் தொகை
இருபத்து நாலாயிரம்.

கருணை என்ற சொல்லை
அதற்குமுன் கோயில் மைக்கில்தான் கேட்டிருந்தேன்.
பக்கத்தில் ரூபாய் போட்டு யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

பதினெட்டு மாசத்தால் வகுத்தேன்,
சிப்காட் போகும் கம்பெனி பஸ்ஸில், செல்போனில்.
ஆயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று,
புள்ளி, மூன்று மூன்று மூன்று
திரையின் ஓரம் வரை ஓடியது,
ஓரத்துக்கு அப்பாலும் ஓடியிருக்கும்.
எட்டிப் பார்த்த ஆக்னஸ் கேட்டாள்:
"யாரோட நம்பர்டி இது?"

மத்திகிரியில் ஏழாயிரத்து ஐந்நூறு,
அட்வான்ஸ் பத்து மாசம்,
ஒகேனக்கல் தண்ணி வந்தால் வந்தது.
பாகலூர் ரோட்டில் வாசலோடு சரி:
"வடக்குப் பையன்களுக்குத்தான் விடறோம்,
தலைக்கு ரெண்டாயிரம், அறைக்கு ஆறு தலை.
குடும்பம்னா எனக்குக் கட்டாதும்மா."
தளி ரோட்டம்மா என் பேச்சு வாடை பிடித்துத்
தெலுங்கில் கேட்டார்: "மீதி ஏ ஊரு?"
எந்த ஊர் என்றுதான் கேட்டார்.
வகுத்தலிலேயே கிடந்த என் காதுக்கு
மீதி எவ்வளவு என்று விழுந்தது.
ஊரைச் சொன்னேன்.
ஊரில் எந்தத் தெரு என்றார்.
தெருவைச் சொன்னேன்.
வீடு நேற்றே முடிந்துவிட்டதாம்.
கேட்டில் 'டூ லெட்' பலகை
காற்றில் திரும்பித் திரும்பி ஆடியது.

அலுவலகத்தில் சொன்னார்கள்:
வாடகைப் பத்திர நகல் வைத்தால் தொகை வரும்.
வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்:
அட்வான்ஸ் வைத்தால் பத்திரம் வரும்.
அட்வான்ஸ் எங்கிருந்து வரும் என்பதை
இரண்டு பக்கமும் என்னிடம்தான் கேட்டார்கள்.
அதற்குள் ஏ பிளாக்கில் ஜன்னல்களைக்
கழற்றத் தொடங்கிவிட்டார்கள்.

ஆக்னஸ்தான் சொன்னாள், டிபன் டப்பாவை மூடிக்கொண்டே.
உன் கருணை ஒண்ணு, என் கருணை ஒண்ணு,
ஒரு வீட்டுல போட்டா என்ன?
அவள் கம்மலும் என் கொலுசும் அடகுக்குப் போயின.
புரோக்கர் தஸ்தகீர் ஒரு மாச வாடகையை
மேல்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு
அலசநத்தத்தில் ஒரு ஷீட் வீட்டைக் காட்டினார்.
ஒரு ரூம், ஒரு சமையல் மூலை,
ஒரு கதவு, அதற்குச் சங்கிலி.

வீட்டுக்காரர் சீதப்பா கேட்டது ஒன்றுதான்.
"எத்தனை பேர்?"
"நாலு" என்றோம் இரண்டு பேரும்,
ஒத்திகை பார்த்தது போல ஒரே குரலில்.
உறவு கேட்டார். அக்கா தங்கச்சி என்றோம்.
என் நெற்றிப் பொட்டையும் அவள் கழுத்துச் சிலுவையையும்
மாறி மாறிப் பார்த்தார்.
பிறகு பணத்தை எண்ண ஆரம்பித்தார்.

நாங்கள் ஏழு பேர்.
மீதி மூன்று பேர் ஒன்பது மணிக்கு மேல்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.
வாட்ச்மேன் வேலைக்குப் போன திம்மராயன்
காலையில் வந்து
பிள்ளைகள் எழுந்த பாயில் படுத்துக்கொண்டார்.
நடுவில் என் கல்யாணப் புடவையைக் கட்டினோம்.
இந்தப் பக்கம் இருமினால்
அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும்,
புடவைக்கு அடியில் டம்ளர் வரும்.

தொகை இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள்.

இருபதாம் நாளோ என்னவோ, ராத்திரி
யாரோ கதவைத் தட்டினார்கள்.
சங்கிலி போட்டபடியே திறந்தேன்.
டி பிளாக் முனிலட்சுமி.
கையில் அதே காகிதம், நாலாக மடித்து.
பின்னால் இருட்டில் யார் யாரோ நின்றார்கள்.
"சௌடம்மா, உள்ளே கொஞ்சம் இடம்..."

வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எத்தனை பேர்?" என்று
கேட்டுவிட்டேன்.